பேன்ட்டுக்கு ஏற்ற ஷூ நிறம்: ஆண்களுக்கான முழுமையான வழிகாட்டி

சட்டைக்கும் பேன்ட்டுக்கும் பொருத்தம் பார்த்து அரை மணி நேரம் கண்ணாடி முன்னால் நிற்பவர்கள்கூட, ஷூ என்று வந்துவிட்டால் யோசிக்காமல் கறுப்பை எடுத்துவிடுவார்கள். பள்ளிச் சீருடையோடு காலில் ஏறிய நிறம் அது. கல்லூரி, நேர்காணல், முதல் வேலை, கல்யாண வரவேற்பு என்று அப்படியே கூட வருகிறது. கறுப்பு ஷூவில் குறை ஒன்றும் இல்லை. ஆனால், இன்று நம் அலமாரிகளில் அதிகம் தொங்குபவை நேவி புளூ, காக்கி, பீஜ் என்ற வெளிர் மணல் நிறம், ஆலிவ் என்ற மங்கிய பச்சை, ஜீன்ஸ். இவை எல்லாவற்றுக்கும் கறுப்பைவிட அடர் பழுப்பு நன்றாக எடுக்கும். ஒரே ஒரு ஜோடி லெதர் ஷூதான் வாங்க முடியும் என்றால் டார்க் பிரவுன் வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. அது ஏன், எந்த இடத்தில் அது செல்லாது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: பேன்ட்டுகளைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்

இருக்கிற பேன்ட்டுகளை எல்லாம் எடுத்து ஜன்னலோரத்தில், கட்டிலின் மேல் பரப்புங்கள். வீட்டு டியூப்லைட்டிலும் ஜவுளிக்கடையின் மஞ்சள் விளக்கிலும் நேவி புளூவும் கறுப்பும் ஒன்றுபோலவே தெரியும். கறுப்பு என்று நினைத்து வாங்கிய பேன்ட் வெயிலில் நீலமாகத் தெரிவதும், சாம்பல் என்று நினைத்தது பச்சையடிப்பதும் இதனால்தான். நிறப் பொருத்தத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இப்போது நிறத்தின் பெயரை மறந்துவிட்டு, அடர்த்தியை மட்டும் பாருங்கள். வரிசையாக அடுக்கிய பேன்ட்டுகளைப் போனில் படம் எடுத்து, அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். பெரும்பாலான போன்களில் ‘மோனோ’ போன்ற ஒரு ஃபில்டர் இருக்கும். நீலம், பச்சை, பழுப்பு எல்லாம் மறைந்து எது இருட்டு, எது நடுத்தரம், எது வெளிர் என்பது மட்டும் மிஞ்சும். பக்கத்தில் உங்கள் ஷூக்களையும் வைத்து ஒரு படம் எடுங்கள். இந்த இரண்டு படங்களும் ஒரு விதியைத் தெளிவாகக் காட்டும்: ஷூ, பேன்ட்டைவிட ஒரு படியாவது அடர்த்தியாக இருந்தால் உருவம் காலில் ஊன்றி நிற்கும். ஷூ பேன்ட்டைவிட வெளிறிப்போனால் பார்ப்பவர் கண் முதலில் காலுக்குத்தான் போகும். இதற்கு நல்ல விதிவிலக்கு ஒன்று உண்டு. நேவி புளூவில் அதைப் பார்ப்போம்.

அடர்த்திக்கு அடுத்தது நிறத்தின் வெம்மை. காக்கி, பீஜ், ஆலிவ், பழுப்பு இவற்றில் மஞ்சளோ சிவப்போ கலந்திருக்கும். மண்ணோடு சேர்ந்த நிறங்கள். கறுப்பு, சாம்பல், நீலம் ஆகியவை குளிர்ந்தவை. மண் நிறங்கள் பழுப்பு ஷூவோடு உறவாடும். கறுப்பு ஷூ அவற்றின் கீழே தனித்து, ஒட்டாமல் நிற்கும்.

படி 2: ‘பிரவுன்’ ஒரே நிறம் அல்ல

கடையில் பிரவுன் ஷூ என்று கேட்டால் நான்கு வெவ்வேறு நிறங்களைக் காட்டுவார்கள். காபிக்கொட்டை நிறத்தில் இருப்பது டார்க் பிரவுன். அதைவிடச் சற்று வெளிர்ந்தது மீடியம் பிரவுன். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து பளிச்சென்று இருப்பது டான். கருஞ்சிவப்பு கலந்ததைச் சிலர் செர்ரி என்பார்கள், சிலர் பர்கண்டி, ஆக்ஸ்பிளட் என்பார்கள். இந்த நான்கையும் ஒரே பழுப்பாக நினைத்துப் போடுவதால்தான் ‘பிரவுன் ஷூ எனக்கு எடுக்கவில்லை’ என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள்.

டான் நிறம் தோலுக்கு இயற்கையானது. தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையால் தோல் பதனிட்ட காலம் உண்டு. மரப்பட்டையால் பதனிட்ட தோல் வெளிர் பழுப்பாக வரும். வெளிச்சம் படப்பட, ஆண்டுகள் ஆக ஆக அடர்ந்துகொண்டே போகும். இன்று பெரும்பாலான ஷூத் தோல் குரோமியம் உப்பால் பதனிடப்படுகிறது. அது முதலில் நீலம் கலந்த சாம்பலாக இருக்கும், வேண்டிய சாயத்தைப் பிறகு ஏற்றுவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரம் இந்தத் தொழிலில்தான் வாழ்கிறது. சென்னை அடையாறில் 1948-இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வரும் பருவத்துக்கான தோல் நிறங்களைக் கணித்துச் சொல்லும் வேலையையும் செய்கிறது. உலகம் போடும் ஷூவின் நிறத்தில் நம் ஊருக்கும் பங்கு இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நல்ல தோலில் நிறம் ஒரே சீராக இருக்காது. மடிப்பிலும் நுனியிலும் லேசாக ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் பல பேன்ட்டுகளோடு ஒத்துப்போக உதவுகிறது. ரெக்சின் ஷூவில் பெயின்ட் பூசியதுபோல் ஒரே தட்டையான டான் இருக்கும். அது எதனோடும் சேராது.

படி 3: ஒவ்வொரு பேன்ட்டாகப் பொருத்துங்கள்

கறுப்பு பேன்ட்: கறுப்பு ஷூ. இங்கே சோதனை வேண்டாம். மிக அடர்ந்த பர்கண்டி மட்டும் மாலை நேரத்தில் அழகாக இருக்கும். கறுப்பு பேன்ட்டுக்கு டான் ஷூ போடுவது நம் ஊர் அலுவலகங்களில் நிறையக் காணக்கிடைக்கிறது. பேன்ட் முழு இருட்டு, ஷூ முழு வெளிச்சம். நடுவில் இரண்டையும் இணைக்க எதுவும் இல்லை. என் கண்ணுக்கு அது உறுத்தல்தான்.

சாம்பல்: இதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். கரிச்சாம்பலுக்குக் கறுப்பு முதல் தேர்வு, பர்கண்டி இரண்டாவது. நடுச்சாம்பல் எல்லாரோடும் பழகும். கறுப்பு, டார்க் பிரவுன், பர்கண்டி மூன்றும் சரி. வெளிர் சாம்பலுக்குக் கறுப்பு கொஞ்சம் கனமாகிவிடும், மீடியம் பிரவுனோ டானோ போடலாம். இங்கே டானில் மஞ்சள் தூக்கலாக இருக்கக் கூடாது.

நேவி புளூ: ஆண்கள் உடையில் இதைவிட உதவியான நிறம் வேறு இல்லை. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளுக்கு 1748-இல் அடர்நீலச் சீருடை வந்தது, பெயரும் அங்கிருந்துதான். நேவிக்கு டார்க் பிரவுன் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு வெளியே கிளம்பலாம். பர்கண்டி அதைவிட ஒரு படி மேல். நீலத்தின் குளிர்ச்சிக்கும் தோலின் சிவப்புக்கும் அப்படி ஒரு இணக்கம். முன்பு சொன்ன விதிவிலக்கு இங்கேதான் வருகிறது: டான், நேவியைவிட மிக வெளிர்ந்தது, ஆனாலும் எடுக்கும். டான் என்பது அடிப்படையில் மங்கிய ஆரஞ்சு. நிறச் சக்கரத்தில் நீலத்துக்கு நேரெதிரே இருப்பது ஆரஞ்சு. எதிரெதிர் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். ஆனால் அப்போது காலே உடையின் மையமாகிவிடும். ஆகவே மேலே சட்டை வெள்ளையாகவோ வெளிர் நீலமாகவோ அடங்கி இருக்க வேண்டும். பூப்போட்ட சட்டை, நேவி பேன்ட், டான் ஷூ மூன்றும் ஒன்றாக வேண்டாம். நேவிக்குக் கறுப்பு ஷூ தவறா? கோட் சூட்டில், முறையான இடத்தில் தவறே இல்லை. கோட் இல்லாமல் வெறும் சட்டையோடு போடும்போதுதான் சீருடைச் சாயல் வந்துவிடுகிறது.

காக்கி, பீஜ்: 1840-களில் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி திரட்டிய கைட்ஸ் படைக்கு மண் நிறத்தில் உடை கொடுத்ததிலிருந்து காக்கியின் சீருடை வரலாறு தொடங்குகிறது. அன்றிலிருந்து அதற்குத் துணை பழுப்புத் தோல்தான். நம் ஊர் ஐபிஎஸ் அதிகாரிகளின் காக்கிச் சீருடையைப் பாருங்கள்: பழுப்பு ஷூ, பழுப்பு பெல்ட். எடுப்பாக இருக்கிறது அல்லவா? அதே இணையைத்தான் நாம் சினோஸ் எனப்படும் பருத்தி பேன்ட்டுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும். டார்க் பிரவுன், மீடியம் பிரவுன் இரண்டும் அருமை. ஸ்வேட் எனப்படும் மெத்தென்ற தோலில் வரும் பழுப்பு இன்னும் அழகு. க்ளார்க்ஸ் நிறுவனம் 1950-இல் கொண்டுவந்த, கணுக்கால் வரை வரும் டெசர்ட் பூட்டும் காக்கியும் இன்றைக்கும் பிரியாத ஜோடி. ஒரு எச்சரிக்கை: பேன்ட்டின் அதே நிறத்தில் ஷூ போடாதீர்கள். பீஜ் பேன்ட்டுக்கு பீஜ் ஷூ போட்டால் பேன்ட் எங்கே முடிகிறது, கால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போய்விடும்.

ஆலிவ்: பச்சை என்று பயந்து கறுப்புக்கு ஓடுகிறார்கள். ஆலிவில் மஞ்சளும் பழுப்பும் ஒளிந்திருக்கின்றன. டார்க் பிரவுனும் டானும் அவற்றை வெளியே கொண்டுவரும். மரத்தில் இலையும் பட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது இயல்பாகவே பிடிக்கும். பர்கண்டி இங்கே வேண்டாம், பச்சையோடு மல்லுக்கு நிற்கும்.

பழுப்பு பேன்ட்: ஷூ இரண்டு படியாவது அடர்ந்திருக்கட்டும். ஒரு படி மட்டும் வித்தியாசம் என்றால் பொருத்தப் பார்த்துத் தவறியதுபோல் தெரியும். பர்கண்டியும் சரிவரும்.

வெள்ளை, கிரீம்: டான், வெளிர் பழுப்பு, வெள்ளை கேன்வாஸ். கறுப்பு ஷூ போட்டால் இசைக்குழுச் சீருடை நினைவுதான் வரும்.

ஜீன்ஸ்: அடர்நீல ஜீன்ஸுக்கு எந்தப் பழுப்பும் நன்றாக இருக்கும். வெளுத்த நீலத்துக்கு டான் அல்லது வெள்ளை ஸ்னீக்கர். கறுப்பு ஜீன்ஸுக்குக் கறுப்பு பூட்டோ வெள்ளை ஸ்னீக்கரோ. புது ஜீன்ஸ் வாங்கியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இண்டிகோ சாயம் நூலின் உள்ளே முழுதாக இறங்குவதில்லை, மேலாகவே படிந்திருக்கும், உரசினால் உதிரும். வெளிர் ஸ்வேட் ஷூவின் மேல்விளிம்பிலும் வெள்ளை ஸ்னீக்கரின் நாக்கிலும் நீலக்கறை ஏறுவது இதனால்தான். ஒரு வெள்ளைக் கைக்குட்டையை லேசாக நனைத்து ஜீன்ஸின் கீழ்மடிப்பில் தேய்த்துப் பாருங்கள். நீலம் ஒட்டினால், சில துவையல் கழியும்வரை அதோடு டார்க் பிரவுனே போடுங்கள்.

நிறம் கறுத்தவர்களுக்கு டான் ஷூ எடுக்காது என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டாம். முகத்துக்கு அருகில் இருக்கும் சட்டைக்குத்தான் சருமத்தின் நிறம் பார்க்க வேண்டும். ஷூவுக்குப் பக்கத்தில் இருப்பது பேன்ட்தான்.

படி 4: நிறம் சரி, வடிவம்?

அதே டார்க் பிரவுன் நிறத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஷூ ஒரு மாதிரி பேசும், லேஸ் இல்லாத லோஃபர் வேறு மாதிரி பேசும். லேஸ் போடும் இரண்டு மடல்களும் கீழே தைத்து மூடியிருந்தால் ஆக்ஸ்ஃபோர்டு; மடல்கள் மேலே தனியாகத் திறந்திருந்தால் டெர்பி. ஆக்ஸ்ஃபோர்டு சூட்டுக்கானது, ஜீன்ஸுக்கு வேண்டாம். டெர்பி இரண்டு பக்கமும் போகும். நம்மில் பலருக்குப் புறங்கால் உயரமாகவும் முன்பாதம் அகலமாகவும் இருக்கும்; அவர்களுக்கு டெர்பியே வசதி. பொத்தல் வேலைப்பாடு செய்த ப்ரோக் சினோஸுக்கும் ஜீன்ஸுக்கும் நன்றாக இருக்கும்.

நிறம் வெளிற வெளிற ஷூ சாதாரண உடைக்குரியதாகிறது. கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு ஒரு முனை, டான் லோஃபர் மறுமுனை. பளபளக்கும் கத்திமடிப்பு பேன்ட்டுக்கு டான் லோஃபர் போட்டால் நிறம் பொருந்தினாலும் ஏதோ இடிப்பது இதனால்தான்.

படி 5: பெல்ட், சாக்ஸ், பேன்ட்டின் நீளம்

பெல்ட் ஷூவின் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருந்தால் போதும். கறுப்புக்குக் கறுப்பு, பழுப்புக்குப் பழுப்பு. அச்சு அசலாக அதே நிறம் தேடி அலைய வேண்டியதில்லை. ஷூவைவிடச் சற்று அடர்ந்திருந்தால் நல்லது. ஸ்னீக்கருக்கு இந்த விதி கிடையாது. வெள்ளை ஷூவுக்காக யாரும் வெள்ளை பெல்ட் தேடிப் போக வேண்டாம்.

சாக்ஸ் பேன்ட்டின் நிறத்தைப் பின்தொடர வேண்டும், ஷூவின் நிறத்தை அல்ல. நேவி பேன்ட், நேவி சாக்ஸ், பிரவுன் ஷூ என்று போட்டால், உட்காரும்போது பேன்ட் மேலேறினாலும் கால் ஒரே கோடாக ஷூ வரை இறங்கும். பள்ளி நாள் வெள்ளை சாக்ஸ் லெதர் ஷூவோடு சேர்ந்தால் இத்தனை உழைப்பும் வீண். இன்னொரு காரணமும் இருக்கிறது: நாம் ஷூவைக் கழற்றுகிற மக்கள். யார் வீட்டுக்குப் போனாலும், கல்யாண மேடையில் ஏறினாலும் சாக்ஸ்தான் சபைக்கு வரும். நுனியில் ஓட்டை இல்லாத, பேன்ட்டுக்குப் பொருந்திய சாக்ஸ் நாலு ஜோடி வைத்திருங்கள்.

நீளத்தை விட்டுவிட்டால் எந்த நிறமும் காப்பாற்றாது. பேன்ட் ஷூவின் மேல் லேசாகத் தொட்டு ஒரே ஒரு மெல்லிய மடிப்பு விழ வேண்டும். ஷூவின் பாதியை மூடிக்கொண்டு நாலு மடிப்பு குவிந்திருந்தால், பணம் போட்டு வாங்கிய டான் ஷூவில் நுனி மட்டும்தான் வெளியே தெரியும். டெய்லரிடம் அளவு கொடுக்கப் போகும்போது அந்த பேன்ட்டோடு போடப்போகும் ஷூவையே மாட்டிக்கொண்டு போங்கள், செருப்போடு நின்று நீளம் குறிக்க வேண்டாம். பாட்டம், அதாவது கீழ்விளிம்பின் சுற்றளவு, 14 முதல் 15 அங்குலம் என்றால் சராசரி உடம்புக்கு ஷூவும் தெரியும், பேன்ட்டும் இறுக்காது.

படி 6: எங்கே போகிறீர்கள்?

வங்கி, நீதிமன்றம், பழைய பாணி நிறுவனம் ஆகியவற்றில் நேர்காணல் என்றால் கறுப்பு. டார்க் பிரவுன் வாங்குங்கள் என்ற என் அறிவுரை செல்லாத இடம் இதுதான். லண்டன் நிதி உலகில், நகரத்துக்குள் பழுப்பு ஷூ கூடாது என்று ஒரு பழைய வழக்கம் உண்டு; பழுப்பு கிராமப்புறத்துக்கானது என்பது அவர்கள் எண்ணம். அது செத்துப்போன வழக்கம் அல்ல. முதலீட்டு வங்கிகளில் சூட்டுக்குப் பழுப்பு ஷூ போட்டு வந்த விண்ணப்பதாரர்களை அந்த ஒரு காரணத்துக்காகவே மட்டமாக மதிப்பிடும் போக்கு இருப்பதை பிரிட்டனின் சமூக முன்னேற்ற ஆணையம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்தது. இது அநியாயம்தான், எளிய குடும்பத்திலிருந்து வரும் பிள்ளைக்கு இந்த விதி எப்படித் தெரியும்? ஆனால் அங்கே வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஐடி நிறுவனம், ஸ்டார்ட்அப் என்றால் நேவி சினோஸும் டார்க் பிரவுன் டெர்பியும் தாராளம்.

கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை கறுப்பு சூட் என்றால் கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு. நேவி சூட் என்றால் பர்கண்டி போட்டுப் பாருங்கள், படங்களில் அவ்வளவு நன்றாக வரும். விருந்தினராகப் போகிறவர்களுக்கு லோஃபர்தான் என் பரிந்துரை. மண்டபத்தில் கழற்றி மாட்ட நேர்ந்தால் குனிந்து லேஸோடு போராட வேண்டாம். வேட்டிக்கு ஷூவே வேண்டாம். பழுப்புத் தோல் செருப்பு அதன் வெண்மைக்குப் பாந்தமாக இருக்கும்.

மழைக்காலத்தில் ஸ்வேட்டை உள்ளே வைத்துவிடுங்கள். டானில் நீர்த்துளிக் கறை வட்டம் வட்டமாகத் தெரியும். டார்க் பிரவுன் மழையையும் தெருப்புழுதியையும் ஓரளவு மறைக்கும். கறுப்பில் புழுதி உடனே வெளுப்பாகத் தெரிந்துவிடும் என்பதை இருசக்கர வாகனத்தில் அலுவலகம் போகிறவர்கள் அறிவார்கள்.

படி 7: வாங்கிய நிறத்தைக் காப்பாற்றுங்கள்

டான் ஷூவுக்கு டார்க் டான் பாலிஷ் போட்டுக்கொண்டே வந்தால் சில மாதங்களில் அது மீடியம் பிரவுன் ஆகிவிடும். டான் டானாகவே இருக்க வேண்டும் என்றால் நிறமில்லாத நியூட்ரல் பாலிஷ் போடுங்கள். தேய்ந்த இடத்துக்கு மட்டும் நிறமுள்ள கிரீம் போதும். பழுப்பு ஷூவின் நிறம் அலுத்துப்போனால் இதையே திருப்பியும் பயன்படுத்தலாம்: ஒரு படி அடர்ந்த கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் நிறம் ஆழமாகும். கறுப்புக்குத் தேய்த்த பிரஷ்ஷால் டானைத் தொடாதீர்கள், அந்தக் கோடு லேசில் போகாது. ஒரு நாள் போட்டால் மறுநாள் ஓய்வு கொடுங்கள். நம் ஊர் வியர்வைக்கு உள்தோல் காய ஒரு முழு நாள் வேண்டும். கடலோர ஊர்களில் மாதக்கணக்கில் பெட்டிக்குள் மூடி வைத்தால் தோலில் பூஞ்சை படரும், வெளுத்த திட்டுகள் விழும்.

படி 8: எந்த வரிசையில் வாங்குவது?

முதலில் டார்க் பிரவுன் டெர்பி. வேலைக்குக் கறுப்பு கட்டாயம் என்றால் மட்டும் முதலில் கறுப்பு. இரண்டாவது, முதலில் விட்டது எதுவோ அது. மூன்றாவதாகச் சுத்தமான வெள்ளை ஸ்னீக்கர். லோகோ எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. நான்காவதாக பர்கண்டி லோஃபர். ஐந்தாவதாகத்தான் டான். கடைக் கண்ணாடியில் முதலில் கண்ணை இழுப்பது டான்தான், ஆனால் அதற்குப் பொருந்தும் பேன்ட்டுகள் மற்றவற்றைவிடக் குறைவு.

கடைக்கு மாலையில் போங்கள்; நாள் முழுக்க நடந்த கால் சற்று உப்பியிருக்கும், அப்போது பொருந்தும் ஷூ எப்போதும் பொருந்தும். நீங்கள் அதிகம் போடும் பேன்ட்டை உடுத்திக்கொண்டே போங்கள். பிடித்த ஜோடியை மாட்டிக்கொண்டு, கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, வாசலின் பகல் வெளிச்சம் அடங்குவதற்குள் அங்கே நின்று ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.